அக்லயா சோதித்த தண்ணீர்

வாலியரேசே ஊரில் நைட்ரேட் என்ற சொல்லை வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் அக்லயா டீச்சராகத்தான் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் எங்கள் ஊரில் தண்ணீரைப் பற்றி இரண்டே பேச்சுதான். ஒன்று, எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் மாதிரி மால்தோவா முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. இன்னொன்று, பக்கத்து வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை மனுஷன் குடிப்பானா?

அக்லயா கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறாள். நகரத்தில் ஏதோ பயிற்சிக்குப் போனபோது ஒரு குழாய் நிறையத் தண்ணீர் சோதிக்கும் காகிதப் பட்டைகள் கொடுத்தனுப்பினார்களாம். அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு குழந்தைக்குப் பொம்மை வாங்கி வந்தவள் போல ஒரு வாரம் சிரித்தபடி திரிந்தாள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், திங்கட்கிழமை வரும்போது ஆளுக்கொரு புட்டியில் அவரவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவரச் சொன்னாள்.

நவம்பர் மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஆனாலும் ஒரு பிள்ளைகூட மறக்கவில்லை. ஒயின் புட்டி, சாறு புட்டி, ஊறுகாய் ஜாடி என்று ஜன்னல் விளிம்பு முழுக்க வந்து நின்றது. எல்லாவற்றிலும் பெயர் ஒட்டியிருந்தது. தண்ணீரோ கண்ணாடி மாதிரி.

"தண்ணிக்கு வேண்டியவன் வேண்டாதவன் கிடையாது," என்று ஆரம்பித்தாள் அக்லயா. "உப்பைக் குடுத்தாலும் கரைச்சுக்கும், சர்க்கரையைக் குடுத்தாலும் கரைச்சுக்கும். நீங்க பன்னிக் கொட்டகைக்குப் பின்னாடி குவிச்சு வெச்சிருக்கீங்களே எரு, மழை பெய்யறப்ப அதையும் கரைச்சு எடுத்துக்கிட்டு மண்ணுக்குள்ள இறங்கும். நேரா எங்க போகும்?"

"பக்கத்து வீட்டுக் கிணத்துக்கு, டீச்சர்!" என்றான் கோர்னேல். வகுப்பே சிரித்தது. அவன் அப்படித்தான், பதில் தெரிந்தாலும் கோணலாகத்தான் சொல்வான்.

"உங்க வீட்டுக் கிணத்துக்கும்தான்டா. அதுல வர்ற நைட்ரேட்டுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, ருசியும் கிடையாது. நம்மள மாதிரி வளந்தவங்களுக்குச் சட்டுனு ஒண்ணும் ஆகாது. கைக்குழந்தைக்கு அது விஷம். ரத்தம் காத்தைச் சுமக்க முடியாம போயிடும். உதடு நீலமாகும், நகம் நீலமாகும். பட்டை வெள்ளையாவே இருந்தா நல்ல தண்ணி. ரோஸ் ஆனா சந்தேகம். ஊதா ஆச்சுன்னா, வாயில வைக்காதே."

ஒவ்வொரு புட்டியாகப் பட்டையை நனைத்து, ஒரு நிமிஷம் காத்திருந்து பார்த்தார்கள். வெள்ளை. அடுத்ததும் வெள்ளை. அதற்கடுத்ததும். கடைசிப் புட்டிவரை வெள்ளைதான். பிள்ளைகள் கைதட்டினார்கள். அக்லயாவுக்கு முதலில் சப்பென்று ஆகிவிட்டது. பிறகு, சே, ஊரே நல்ல தண்ணீர் குடிக்கிறது என்றால் அதற்கு வருத்தப்படுவார்களா என்று தன்னையே கடிந்துகொண்டு அவளும் கைதட்டினாள்.

மணி அடித்ததும் எல்லாரும் ஓடிவிட்டார்கள். ஒத்தீலியா மட்டும் போகவில்லை. பையின் வாரை முறுக்கிக்கொண்டே நின்றாள்.

"என்னடி?"

"டீச்சர், எங்க தம்பிப் பாப்பா இருக்கான்ல, தாமியான். அவன் அழுதா உதடு நீலமாவுது. அம்மா குளிருன்னு சொல்றாங்க. நேத்து நகமும் ஒரு மாதிரி இருந்துச்சு."

அக்லயா நாற்காலியை இழுத்து அவள் எதிரே உட்கார்ந்தாள். "தாய்ப்பாலா குடிக்கிறான்?"

"இல்ல. அம்மாவுக்குப் பால் வத்திப் போச்சு. டப்பாப் பால்தான். கிணத்துத் தண்ணியில கலக்கிக் குடுக்கறாங்க. கடையில புட்டித் தண்ணி வாங்கலாமான்னு அம்மா யோசிச்சிட்டிருக்காங்க."

அக்லயா ஜன்னலோரம் போய், ஒத்தீலியா பெயர் ஒட்டிய புட்டியைத் தேடி எடுத்தாள். மனசு கேட்காமல் இன்னொரு பட்டையை நனைத்தாள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். வெள்ளை. பால் வெள்ளை.

"அப்பாடா!" என்று அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தட்டினாள் அக்லயா. "உங்க தண்ணி சுத்தம். கவலையே படாதே. அம்மாகிட்ட டீச்சர் சொன்னாங்கன்னு சொல்லு, கிணத்துத் தண்ணியே குடுக்கலாம். எதுக்கும் நல்லாக் கொதிக்க வெச்சுக் குடுக்கச் சொல்லு. பாப்பாவை ஒரு தடவை டாக்டர்கிட்டயும் காட்டிடுங்க."

டாக்டரிடம் காட்டச் சொன்னது அந்தப் பெண்ணின் காதில் விழுந்ததோ என்னவோ. டீச்சர் சுத்தம் என்று சொன்னது மட்டும் வீடுவரை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

வியாழக்கிழமை அதே தண்ணீரை வைத்து அடுத்த பாடம். ஒவ்வொரு புட்டியிலிருந்தும் ஒரே அளவு எடுத்து, சின்னச் சின்னப் பீங்கான் கிண்ணங்களில் ஊற்றி, அடுப்பு மேல் வைத்து வற்றவிட்டார்கள். ஒத்தீலியா அன்று வரவில்லை. மழையில் சளி பிடித்திருக்கும் என்று அக்லயா நினைத்துக்கொண்டாள்.

"நல்லாப் பாருங்க. ஆவியாப் போறது வெறும் தண்ணி மட்டும்தான். கரைஞ்சிருக்கறது எதுவும் போகாது. கிண்ணத்துலயே தங்கிடும். தண்ணி குறையக் குறைய அது கெட்டியாகிட்டே..."

சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். நல்லாக் கொதிக்க வெச்சுக் குடுக்கச் சொல்லு. அடக் கடவுளே, நான் எதற்கு அப்படிச் சொன்னேன்? பிறகு, தண்ணீர்தான் சுத்தமாயிற்றே, கொதித்தால் என்ன என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு கிண்ணங்களைக் குனிந்து பார்த்தாள்.

எல்லாக் கிண்ணத்திலும் அடியில் வெள்ளை வளையம். ஒரே தடிமன், ஒரே நிறம். அவள் ஒன்றை எடுத்தாள், இன்னொன்றை எடுத்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மேட்டுத் தெருவில் கிணறு தோண்டினால் சுண்ணாம்புக் கல். பள்ளத் தெருவில் களிமண். மேட்டுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பள்ளத்துத் தண்ணீரில் நுரைக்கும். ஊரில் துணி துவைக்கிற எல்லாருக்கும் தெரிந்த சேதி இது. அப்படியிருக்க எல்லா வீட்டுத் தண்ணீரும் ஒரே மாதிரி வளையம் போடுமா?

"இந்தத் தண்ணியெல்லாம் எங்கேருந்து எடுத்தீங்க?"

எல்லாத் தலையும் குனிந்தது.

"கோர்னேல், நீ சொல்லு."

"டீச்சர், எங்கம்மாவைத் திட்டக் கூடாது."

"திட்டலடா. சொல்லு."

"ஊருக்கு வெளியில துறவிங்க மடம் இருக்குல்ல, அந்த மடத்து ஊத்துல பிடிச்சோம். அம்மாதான், பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் வெச்சு எல்லாத் தண்ணியோடயும் சேத்துப் பாப்பாங்க, நம்ம தண்ணி மட்டம்னு வந்தா மானம் போயிடும்னு சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு போனா, அங்க ஏற்கனவே எல்லாரோட அம்மாவும் கேனோட நிக்கறாங்க! ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்து ஒரே சிரிப்பு."

எங்கள் ஊர்ப் பெண்களைச் சொல்லியும் குற்றமில்லை. இங்கே கிணறு என்றால் வெறும் கிணறா? செத்துப்போன அப்பா அம்மாவின் ஆத்மா சாந்திக்காகத் தோண்டி, மேலே கூரை போட்டு, சிலுவை நட்டு வைப்பது. வழியில் போகிறவன் ஒரு வாய் குடித்துவிட்டு அவர்கள் பெயரைச் சொல்லிச் சிலுவைக் குறி போட்டுக்கொள்வான். அந்தத் தண்ணீர் மட்டம் என்று பள்ளிக்கூடத்தில் பத்துப் பேர் முன்னால் தெரிந்தால் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பது? ஆனாலும் வயிறு எரிகிறது. ஒருத்தியாவது, ஒரே ஒருத்தியாவது சொந்தக் கிணற்றில் வாளியை விட்டிருக்கக் கூடாதா?

"ஒத்தீலியா அம்மாவும் இருந்தாங்களா?"

"சாவேத்தா அத்தையா? அவங்கதான் டீச்சர் வரிசையில முதல் ஆளு."

அடுப்பை அணைத்தோமா என்றுகூட அக்லயாவுக்குத் தெரியாது. பட்டைக் குழாயைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு, பிள்ளைகளைப் பக்கத்து வகுப்புக்குப் போகச் சொல்லிவிட்டு மழையில் இறங்கினாள். சாவேத்தாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பள்ளத் தெருவில் சேறு முழங்கால்வரை ஏறியது. திங்கள், செவ்வாய், புதன் என்று அவள் மனசு எண்ணிக்கொண்டே வந்தது. ஒரு நாளைக்கு எத்தனை புட்டிப் பால் குடிக்கும் அந்தக் குழந்தை? எல்லாம் நான் சொன்னதற்குப் பிறகு குடித்தது. கடவுளே, ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது.

சாவேத்தா கதவைத் திறந்ததும் டீச்சரின் கோலத்தைப் பார்த்துப் பதறிவிட்டாள். முப்பது வயசுக்காரி. புருஷன் இத்தாலியில் கட்டிட வேலை. இரண்டு பிள்ளைகளையும் பன்றிகளையும் தனியாளாகக் கட்டி மேய்க்கிறவள்.

"என்ன டீச்சர் இப்படி நனைஞ்சு! உள்ள வாங்க, பிளசிந்தா அப்பம் சூடா இருக்கு. ஒத்தீலியா நாளைக்கு வந்துடுவா, பாப்பாவுக்கு உடம்பு சரியில்லைன்னு நான்தான் நிறுத்திக்கிட்டேன்."

"பாப்பா எங்க?"

"தூங்கறான். காலையிலேருந்து தூக்கம்தான். அழக்கூட மாட்டேங்கறான், சமத்து."

தொட்டிலருகே ஒத்தீலியா உட்கார்ந்திருந்தாள். அக்லயா குனிந்து பார்த்தாள். குழந்தையின் முகம் சாம்பல் பூத்திருந்தது. உதடு கறுநீலம். விரலைத் தூக்கி விட்டால் துணி மாதிரி விழுந்தது. மூச்சு மட்டும் ஓடுகிற நாய்க்குட்டிக்குப் போல வேகவேகமாக இருந்தது. அடுப்பின் மேல் ஒரு பாத்திரம் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"நீங்க சொன்ன மாதிரியே டீச்சர்," என்றாள் சாவேத்தா. "பாதியா வத்துற வரைக்கும் கொதிக்க வெக்கறேன். ஒரு கிருமி தங்காது."

அக்லயா அந்தப் பாத்திரத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து ஆற வைத்துப் பட்டையை நனைத்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பட்டை ரோஸாகி, ரோஸ் ஊதாவாகி, அடர்ந்த ஊதாவில் போய் நின்றது.

"இந்தத் தண்ணிதான். குழந்தையைத் தூக்கு. இப்பவே ஆஸ்பத்திரி போகணும்."

"என்ன விளையாடறீங்களா? அன்னைக்கு சுத்தம்னு சொன்னீங்க, இன்னைக்கு இந்தத் தண்ணிதாங்கறீங்க. உங்க காகிதத்துக்குத்தான் ஏதோ கோளாறு. எங்க மாமனார் தோண்டின கிணறு இது!"

"அன்னைக்கு நான் பாத்தது உன் கிணத்துத் தண்ணி இல்ல சாவேத்தா. மடத்து ஊத்துத் தண்ணி. உனக்கே தெரியும்."

சாவேத்தாவின் முகம் செத்துவிட்டது. டீச்சர் சுத்தம் என்று சொன்ன சந்தோஷத்தில் தாயும் மகளும், சோதித்தது எந்தத் தண்ணீர் என்பதை யோசிக்கவே இல்லை. ஒத்தீலியா ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால் முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். கடை வாசலில் ரொட்டி இறக்கிக்கொண்டிருந்த வேனை அக்லயா நடுத்தெருவில் நின்று மறித்தாள். டிரைவர் மித்ருக் பெரிய வாய்க்காரன். "யம்மா, சாகணும்னா வேற வண்டி பாரு," என்று கத்தினான். குழந்தையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். மிச்ச ரொட்டித் தட்டுகளைத் தொப்தொப்பென்று சேற்றிலேயே இறக்கிப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தான். ஒத்தீலியாவைக் கடைக்காரம்மா பிடித்துக்கொண்டாள்.

வழி முழுக்க சாவேத்தா குழந்தையின் காதில் பேசிக்கொண்டே வந்தாள். "தூங்காதடா செல்லம், தாமியான், கண்ணைத் தொறடா, அப்பா போன் பண்ணுவாரு, பேசலாம், தொறடா..." அக்லயா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குழந்தையின் சட்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒருமுறை வண்டி குழியில் விழுந்து எழுந்தபோது அது ஏறவில்லை என்று நினைத்துத் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏறியது.

மாவட்ட ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு ஓடினார். பிராணவாயுக் குழாய் வைத்தார்கள். எல்லாரும் நின்று பார்த்தார்கள். உதட்டு நீலம் கொஞ்சம்கூட இறங்கவில்லை.

"இதயக் கோளாறு மாதிரி இருக்கு," என்றார் டாக்டரம்மா. "தலைநகரத்துக்கு, கிஷினாவுக்கு அனுப்பணும். ரெண்டு மணி நேரம் தாங்குவானான்னு... அம்மா, பால்ல என்ன தண்ணி கலந்தீங்க? கிணத்துத் தண்ணியா?"

சாவேத்தா நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் எங்கள் பக்கத்து ஊர்க்காரி, சாவேத்தாவின் நாத்தனாருக்குச் சினேகிதி. இன்று மாலைக்குள் இரண்டு ஊருக்கும் சேதி போய்விடும். பெற்ற பிள்ளைக்குச் சாக்கடையைக் கலக்கிக் கொடுத்தாள், மாமனார் கிணறு பேரனைக் கொன்றது என்று பேசுவார்கள்.

"இல்லீங்க," என்றாள் சாவேத்தா, மெல்லிய குரலில். "மடத்து ஊத்துத் தண்ணி."

"அப்ப தண்ணியால வந்தது இல்ல," என்று டாக்டரம்மா திரும்பினார். "வண்டியை எடுக்கச் சொல்லு."

வெட்கக்கேட்டைச் சொல்கிறேன், அந்த ஒரு கணம் அக்லயாவின் மனசிலும் ஒரு கணக்கு ஓடியது. மடத்து ஊற்றுத் தண்ணீர் என்றால், டீச்சர் சொன்னது சரி. டீச்சர் மேல் தப்பே இல்லை. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

"பொய் டாக்டர்!" அவள் போட்ட சத்தத்தில் நர்ஸ் கையிலிருந்த தட்டு ஆடியது. "கிணத்துத் தண்ணி. அதுவும் பாதியா சுண்டக் காய்ச்சினது. நான்தான் காய்ச்சச் சொன்னேன். தண்ணி சுத்தம், தாராளமாக் குடுன்னு நான்தான் சொல்லி அனுப்பிச்சேன். நான் வேதியியல் டீச்சர். இவ மேல தப்பில்ல, என் பேச்சைக் கேட்டா. இதோ பாருங்க!"

ஊதாப் பட்டையை நீட்டினாள். டாக்டரம்மா பட்டையைப் பார்க்கவில்லை. நேராகக் குழந்தையின் குதிகாலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை வெள்ளைப் பஞ்சில் ஒற்றினார். சிவப்பே இல்லை. காப்பிக் கசண்டு மாதிரி பழுப்பாக இருந்தது. காற்றுப் பட்டாவது சிவக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார். அப்போதும் பழுப்புதான்.

"வண்டி வேண்டாம். மெத்திலீன் நீலம் எடுத்துட்டு வா, ஓடு!"

கருநீல மருந்து ஊசிக் குழாயில் ஏறி அந்தச் சின்னக் கைக்குள் மெதுவாக இறங்கியது. நீலம் பாரித்த குழந்தைக்கு இன்னும் நீலமா என்று சாவேத்தா சுவரைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள். அக்லயா அவள் பக்கத்தில் போய் நிற்கவும் பயந்து, தள்ளிப் போகவும் முடியாமல் நடுவில் நின்றாள்.

முதலில் காது மடல் சிவந்தது. பிறகு உதடு. பிறகு எங்கிருந்து வந்ததோ அப்படியொரு அழுகை, ஆஸ்பத்திரியே அதிர்கிற மாதிரி. "கத்துடா ராசா, கத்து!" என்று டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாவேத்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் வார்டில் குழந்தைக்குப் பசி வந்தது. நர்ஸ் பால் கலந்து புட்டியைக் கொண்டுவந்து சாவேத்தா கையில் கொடுத்துவிட்டுப் போனாள். குழந்தை வாயைத் திறந்து திறந்து மூடியது. சாவேத்தா புட்டியை அதன் வாயருகே கொண்டுபோனாள். கை நின்றது. மறுபடி கொண்டுபோனாள். மறுபடி நின்றது. குழந்தை வீறிட்டது.

"குடேன்மா, பசியில துடிக்குது பாரு," என்றாள் பக்கத்துக் கட்டில்காரி.

சாவேத்தா அவளைப் பார்க்கவில்லை. கதவோரம் ஈரக் கோட்டோடு நின்றிருந்த அக்லயாவைப் பார்த்தாள். மத்தியானத்திலிருந்து அவள் டீச்சரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"டீச்சர்," என்றாள். "குடுக்கலாமா? நீங்க சொல்லுங்க."

அக்லயா வாயைத் திறந்தாள். ஆஸ்பத்திரித் தண்ணீர், குழாய்த் தண்ணீர், டாக்டர் பார்த்து அனுப்பியது, கொடு என்று சொன்னால் முடிந்தது. ஆனால் அவள் விறுவிறுவென்று வெளியே போய், நர்ஸிடம் எந்தக் குழாயில் பிடித்தாய் என்று கேட்டு, கெட்டிலைத் திறந்து பார்த்து, அதில் மிச்சமிருந்த தண்ணீரை ஒரு தம்ளரில் எடுத்துக்கொண்டு வந்தாள். சாவேத்தாவின் கண்ணெதிரே பட்டையை நனைத்தாள்.

குழந்தை அழுதுகொண்டே இருந்தது. இரண்டு பெண்களும் தலையோடு தலை முட்டக் குனிந்து அந்தப் பட்டையையே பார்த்தார்கள். ஒரு நிமிஷம் ஆயிற்று. வெள்ளையாகவே இருந்தது. அக்லயா இன்னொரு நிமிஷம் காத்தாள். அப்புறமும் அவளால் சொல்ல முடியவில்லை. கண்ணீர் மூக்கில் வழிய, தலையை மட்டும் ஆட்டினாள்.

சாவேத்தா புட்டியைக் குழந்தையின் வாயில் வைத்தாள்.